கதிர் இனி கயல்: இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி இதுதான்: இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன் விடுமுறை முடிந்து புதுப் பெயரோடு, பெண்ணாக வரப்போகிறான். கூடப் படிக்கும் முப்பது பிள்ளைகளிடம் யார், எப்போது, எவ்வளவு சொல்ல வேண்டும்?

கேள்வியிலேயே 'வரப்போகிறான்' என்று இருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அக்கறையோடு கேட்டவரைத்தான் தமிழ் வினைமுற்று அவரே அறியாமல் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டது. வகுப்பிலும் இதேதான் நடக்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பேச வசதியாக, பிள்ளையின் பழைய பெயர் கதிர், புதிய பெயர் கயல் என்று வைத்துக்கொள்வோம். மகளாக வளர்ந்து மகனாக வரும் பிள்ளைக்கும் இதே முறைதான்.

பிள்ளைகளிடம் பேச வேண்டியது இரண்டு மூன்று நிமிடம். பெரியவர்கள் பக்கம் இருப்பது இரண்டு வார வேலை. இந்த அளவு தலைகீழானால்தான் காரியம் கெடுகிறது: வகுப்புக்கு முக்கால் மணி நேரச் சொற்பொழிவு நடந்திருக்கும், மறுநாள் காலை வருகைப் பதிவேட்டில் 'கதிர்' என்றே இருக்கும்.

முதலில், சொல்லத்தான் வேண்டுமா என்று பாருங்கள். கயல் வேறு பள்ளியில் புதிதாகச் சேர்கிறாள் என்றால் அங்கே விளக்க எதுவும் இல்லை. அவள் ஒரு புது மாணவி, அவ்வளவுதான். முன்னால் என்னவாக இருந்தாள் என்பதைப் பள்ளி தானாக யாருக்கும் சொல்லக் கூடாது. மாற்றத்தைக் கண்ணால் பார்க்கப்போகும் பிள்ளைகளுக்குத்தான் விளக்கம் தேவை, ஏனென்றால் அவர்கள் எப்படியும் கேட்பார்கள். அதே போல, பிள்ளை ஆசிரியரிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கிறது, வீட்டுக்குத் தெரியாது என்றாலும் வகுப்பில் அறிவிக்கும் கட்டம் இன்னும் வரவில்லை. அந்த நிலையில் ஆசிரியர் காது கொடுத்துக் கேட்டால் போதும். வீட்டோடு எப்படிப் பேசுவது, வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து உண்டா என்பதை ஆலோசகரோடு சேர்ந்துதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இது வல்லுநர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசும் துறை அல்ல. 2022இல் வட அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, குடும்ப ஆதரவோடு சின்ன வயதில் பெயரும் உடையும் மாற்றிக்கொண்ட 317 குழந்தைகளைச் சராசரியாக 5 ஆண்டுக்குப் பிறகு பார்த்தது. 94 சதவீதம் பேர் மாறிய நிலையிலேயே இருந்தார்கள், 2.5 சதவீதம் பேர் பழையபடி திரும்பியிருந்தார்கள். மீதிப் பேர் தங்களை ஆண் என்றோ பெண் என்றோ மட்டும் சொல்லவில்லை. 2024இல் இங்கிலாந்தில் வெளியான ஹிலாரி காஸ் என்ற குழந்தை மருத்துவரின் ஆய்வறிக்கையோ, சின்னப் பிள்ளைகளின் சமூக மாற்றத்தை, அதாவது மருந்து இல்லாமல் பெயரும் உடையும் கூப்பிடும் விதமும் மாறுவதைப், 'பக்கவிளைவே இல்லாத சாதாரணச் செயல்' என்று எண்ண வேண்டாம், குடும்பம் முன்கூட்டியே மருத்துவ வல்லுநரோடு பேசுவது நல்லது என்ற கருத்தில் எச்சரிக்கிறது. இந்த வாதத்தை இரண்டாம் வகுப்பில் தீர்க்கப்போவதில்லை. வகுப்பு ஆசிரியர் முன்னால் இருப்பது முடிவெடுத்து வந்துவிட்ட ஒரு குடும்பம், நாளை காலை வாசலில் நிற்கப்போகும் ஒரு பிள்ளை. மருத்துவர்கள் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பிள்ளையைக் கேலி செய்யாமல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதில் சண்டை இல்லை.

அதனால் வகுப்பில் சொல்லப்போவது ஓர் அறிவிப்பு. அதைப் பாடமாக்க வேண்டாம். 'பாலினம் என்றால் என்ன' என்று கரும்பலகையில் எழுதத் தொடங்கினால் தோற்றுவிட்டோம். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது மூன்றே: என்ன பெயர், எப்படிக் கூப்பிடுவது, இன்னும் என் நண்பர்தானா. மற்றதை அவர்கள் கேட்டால், கேட்ட அளவுக்குச் சொல்லலாம்.

இனி பெரியவர்கள் வேலை.

அறிவிப்புக்கு இரண்டு வாரம் முன்னால் கயல், பெற்றோர், வகுப்பு ஆசிரியர், தலைமை ஆசிரியர் ஒன்றாக உட்கார வேண்டும். வகுப்பில் சொல்லப்போகும் வாக்கியங்களை எழுதி, கயலிடம் படித்துக் காட்டுங்கள். அவள் வேண்டாம் என்ற வாக்கியம் போய்விட வேண்டும். பேசும்போது அவள் வகுப்பில் இருக்கிறாளா, வெளியே இருந்துவிட்டு வருகிறாளா என்பதை அவளே சொல்லட்டும். முப்பது தலைகள் ஒரே நேரத்தில் தன் பக்கம் திரும்புவதை எல்லாப் பிள்ளையும் தாங்காது. வெளியே இருப்பது என்று முடிவானால் பத்து நிமிடம் நூலகத்தில் இருந்துவிட்டு, வகுப்பு வேறு வேலையில் மூழ்கிய பிறகு வரலாம். எப்படியானாலும் அவளை முன்னால் நிறுத்திப் பேச வைக்க வேண்டாம். 'நீயே சொல்லும்மா' என்பது கேட்க மரியாதையாக இருக்கும். செய்தால், ஏழு வயதுப் பிள்ளையை விசாரணைக் கூண்டில் ஏற்றியதாகும்.

பள்ளியில் அவளைக் கூப்பிடக்கூடிய ஒவ்வொரு பெரியவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வகுப்பு ஆசிரியரை யாரும் மறப்பதில்லை. விட்டுப்போவது பேருந்து ஓட்டுநர், வாசல் காவலர், துப்புரவுப் பணியாளர், விளையாட்டு ஆசிரியர், எல்லோருக்கும் மேலாக மாற்று ஆசிரியர். வகுப்பு ஆசிரியர் விடுப்பு எடுத்த நாளில் ஒருவர் வந்து பதிவேட்டைப் பார்த்து உரக்க 'கதிர்!' என்பார். மூன்று வாரம் கட்டியது மூன்று நொடியில் சரியும். அதனால் பெயர் எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் ஒருவர் கையில் பட்டியலோடு சுற்றி வந்து மாற்ற வேண்டும்: தினசரி வருகைப் பதிவேடு, நோட்டு அட்டைகள், பை வைக்கும் இடத்தின் சீட்டு, பிறந்தநாள் அட்டவணை, பேருந்துப் பட்டியல், நூலக அட்டை, இணைய வகுப்புக் கணக்கு, விடைத்தாள் உறை. சட்டப்படியான சேர்க்கைப் பதிவில் பெயர் மாற வேறு நடைமுறை இருக்கும். அது வரும்வரை அந்தப் பதிவு அலுவலகப் பெட்டிக்குள் இருக்கட்டும், வகுப்புக்கு வரும் தாளில் கூப்பிடும் பெயர் மட்டும் இருக்கட்டும். எந்தப் பதிவில் என்ன பெயர் இருக்கலாம் என்பதும் கழிப்பறை விதியும் இடத்துக்கு இடம் வேறுபடும். அறிவிப்புக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதே பள்ளியில் கயலின் தம்பியோ அக்காவோ படித்தால் அவர்களுக்கும் தனியாகத் தயாரிப்பு வேண்டும். இது அடிக்கடி நழுவும் ஓட்டை. கயலிடம் கேட்கத் தயங்கும் பிள்ளைகள் நேராகப் போய் 'உங்க அண்ணன் பொண்ணாயிட்டானாமே' என்று யூகேஜி தம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அவனுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள்: 'ஆமா, எங்க அக்கா பேரு கயல். வேற எதுன்னா மிஸ்கிட்ட கேளு.' அதற்கு மேல் விளக்குவது அவன் வேலை இல்லை என்று அவனுக்கே தெரிய வேண்டும்.

நாள் குறிப்பதிலும் கவனம் தேவை. வாரக் கடைசி நாளின் கடைசி மணியில் சொல்லாதீர்கள். பாதி புரிந்த செய்தியோடு இரண்டு நாள் வீட்டில் இருப்பார்கள், திரும்பி வரும்போது அது வேறு கதையாகியிருக்கும். பள்ளி முழுக்கக் கூடும் காலைக் கூட்டத்திலும் வேண்டாம். வாரத்தின் முதல் பாதியில், முதல் மணி நேரத்தில், வகுப்பு ஆசிரியர் மாலைவரை அங்கேயே இருக்கும் நாளில் சொல்லுங்கள். கேள்விகள் உடனே வராது. சாப்பாட்டு நேரத்தில், கை கழுவும் இடத்தில், ஆசிரியரின் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வரும். சொல்ல வேண்டியவரும் வகுப்பு ஆசிரியரே. தலைமை ஆசிரியர் வந்து சொன்னால் பிள்ளைகளுக்கு அது 'ஏதோ பெரிய விபரீதம்' என்று படும். வெளியிலிருந்து ஒரு வல்லுநரை அழைத்தால் இன்னும் மோசம்.

வாக்கியங்கள் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

'எல்லாரும் இங்க பாருங்க, ஒரு விஷயம் சொல்லணும். நம்ம வகுப்புல கதிர்னு கூப்பிட்டோம் இல்லையா? இனிமே கயல்னு கூப்பிடப்போறோம். கயல் பொண்ணு. அதனால "கயல் வந்தா", "அவளோட பென்சில்"னு சொல்லுவோம். லீவுல கயலும் அவங்க அம்மா அப்பாவும் பேசி முடிவு பண்ணினது இது. உங்களோட ஓடிப் பிடிச்சு விளையாடின அதே ஆளுதான், அதே சிரிப்புதான். பழக்கத்துல பழைய பேரு வாய்ல வந்துட்டா பயப்பட வேண்டாம், திருத்திச் சொல்லிட்டு விட்டுருங்க. நானும்கூட மறப்பேன். ஏதாவது கேக்கணும்னா என்கிட்ட வாங்க. கயலச் சுத்தி நின்னு கேக்கக் கூடாது, ஏன்னா ஒரே கேள்விய முப்பது பேர் கேட்டா யாருக்கும் அலுத்துப் போகும். சரி, கணக்கு நோட்ட எடுங்க.'

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். இது உலகம் கவிழ்கிற செய்தி இல்லை என்பதைக் கணக்கு நோட்டு சொல்லிவிடும். பலூன், கைதட்டல், 'கயல் எவ்வளவு தைரியசாலி' என்ற பாராட்டு எதுவும் வேண்டாம். பாராட்டும் ஒரு வெளிச்ச விளக்குத்தான்; கூசும்.

எதைச் சொல்லக் கூடாது என்பது எதைச் சொல்வது என்பதைவிட நுட்பமானது. நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் நான்கைந்து வாக்கியங்கள் இந்த வயதில் விபரீதமாகப் போய்விழுகின்றன.

'கயல் தவறான உடம்பில் பிறந்துவிட்டாள்.' பெரியவர்களுக்கு இது உவமை. ஏழு வயதில் பலர் இதை நேர்ப்பொருளாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் சரியான உடம்பு யாரிடம் இருக்கிறது? என் உடம்பும் யாருடையதோ? அன்று இரவு ஒன்றிரண்டு பிள்ளைகள் தூங்க மாட்டார்கள்.

'கயலுக்குப் பொம்மை பிடிக்கும், நீள முடி பிடிக்கும், அதனால் பெண்.' இது எளிமையாகத் தோன்றுவதால் நிறைய பேர் இதைத்தான் பிடிப்பார்கள். அதே வகுப்பில் பொம்மை வைத்து விளையாடும் பையன் ஒருவன் இருப்பான், பந்தை உதைக்கும் பெண் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் மீது இந்த வாக்கியம் இடியாக விழும். பிடித்த விளையாட்டு யாரையும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்காது என்பதை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் தனியாகச் சொல்லிவையுங்கள்.

'கதிர் இனிமேல் இல்லை', 'பழைய கதிர் போயிட்டான்.' செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசும் சொற்கள் இவை. 'கதிர் செத்துட்டானா மிஸ்?' என்ற கேள்வி நிச்சயம் வரும்.

'அவளுக்கு ஒரு பிரச்சினை, டாக்டர் பார்க்கிறார்.' நோய் என்றால் தொற்றும் என்பதுதான் பிள்ளைகளின் மருத்துவம். உலக சுகாதார அமைப்பே 2022 முதல் நடப்பில் உள்ள நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. இந்த வயதில் மாற்றம் என்பது பெயர், உடை, முடி, கூப்பிடும் விதம் ஆகியவைதான். பருவமடைவதற்கு முன் மருந்தோ அறுவை சிகிச்சையோ கிடையாது.

'இது நமக்குள்ளேயே இருக்கட்டும், வீட்டில் சொல்லாதீர்கள்.' எந்த நிலையிலும் இதைச் சொல்லிவிடாதீர்கள். பெரியவர் ஒருவர் வீட்டுக்குத் தெரியாமல் ரகசியம் வைக்கச் சொன்னால் உடனே வீட்டில் சொல் என்று நாம்தான் வேறொரு பாடத்தில், குழந்தைப் பாதுகாப்புக்காக, கற்றுக்கொடுத்திருக்கிறோம். அதை நாமே உடைக்கலாகாது. வீட்டில் போய்ச் சொல்வார்கள் என்ற எண்ணத்தோடே வாக்கியங்களை அமையுங்கள்.

இனி தமிழின் சிக்கல். ஆங்கிலத்தில் ஒரு சுட்டுப்பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. தமிழில் வினைச்சொல்லின் வாலிலும் பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது: வந்தான், வந்தாள், எழுதினான், எழுதினாள். பெயரைக் கவனமாகச் சரியாகச் சொல்லிவிட்டு 'கயல் வந்தான்' என்று முடிப்பதுதான் பொதுவான சறுக்கல். பேச்சில் பால் காட்டும் இன்னொரு இடம் 'டா', 'டி'. 'வாடா கயல்' என்று நண்பன் அன்பாகத்தான் கூப்பிடுவான். எல்லாரையும் 'டா' போட்டுக் கூப்பிடும் கூட்டம் என்றால் அதை நோண்டாதீர்கள். கயலைத் தவிர மற்றப் பெண்களை அப்படிக் கூப்பிடாத கூட்டம் என்றால் கவனிக்க வேண்டும். கயலுக்கே எது பிடிக்கும் என்று கேட்டால் இன்னும் நல்லது.

சமாளிப்பதாக நினைத்துச் சிலர் 'அவங்க வந்தாங்க' என்று மரியாதைப் பன்மைக்கு ஓடுவார்கள். முப்பது பிள்ளைகளில் ஒருத்தியை மட்டும் 'அவங்க' என்றால் அது கிண்டலாகவே காதில் விழும். 'அது வந்துச்சு' என்பது அதைவிட ஆபத்து. கைக்குழந்தையை 'அது சிரிச்சுச்சு' என்று கொஞ்சும் மொழிதான் நம்முடையது. ஆனால் இந்த இடத்தில் அந்த 'அது' கொஞ்சல் இல்லை, ஆள் இல்லை என்று சொல்வது. ஆசிரியர் வாயிலிருந்து ஒரு முறை வந்தாலும் வகுப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். (கயல் அல்லாத வேறொரு பிள்ளை 'அவன்', 'அவள்' இரண்டும் வேண்டாம் என்று கேட்டால் அப்போது 'அவங்க' பொருந்தும், அல்லது பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லலாம்.)

தமிழ் செய்யும் உதவியும் உண்டு. 'நான் வந்தேன்', 'நீ வா' இரண்டிலும் பால் இல்லை. கயலோடு நேருக்கு நேர் பேசும்போது தவறவே வேண்டியதில்லை. அவள் இல்லாத இடத்தில், ஓய்வறையில், அவளைப் பற்றிப் பேசும்போதுதான் வாய் தவறும். ஆகவே பயிற்சியும் அங்கேதான் நடக்க வேண்டும். ஊழியர் கூட்டத்தில் ஒவ்வொருவரும் கயலைப் பற்றி ஐந்து வாக்கியம் வாய்விட்டுச் சொல்லட்டும்: 'கயல் நேத்து நல்லா படிச்சா. அவ நோட்டு என்கிட்ட இருக்கு.' சிரிப்பு வரும், பரவாயில்லை. மனதுக்குள் ஒப்புக்கொள்வது வேறு, நாக்குப் பழகுவது வேறு.

திருநங்கை, திருநம்பி, திருநர் என்ற சொற்களை வகுப்பில் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். நல்ல சொற்கள்தான்: நங்கை பெண், நம்பி ஆண், திருநர் எல்லோருக்கும் பொது. ஆனால் கயலும் வீட்டாரும் தங்களுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதபோது பள்ளி அதை எடுத்து ஒட்ட வேண்டாம். ஏதாவது பிள்ளை 'கயல் திருநங்கையா?' என்று கேட்டால், 'அந்தச் சொல் பெரியவங்களுக்கு மரியாதையா சொல்ற சொல். கயல நாம கயல்னே கூப்பிடுவோம்' என்று முடிக்கலாம். தெருவிலிருந்து வசைச்சொல்லோடு வந்தால் அங்கே விளக்கம் கிடையாது: 'அது திட்டு. இந்த வகுப்புல யாரையும் அப்படிச் சொல்ல மாட்டோம்.'

பிள்ளைகளின் கேள்விகள் வயதைப் பொறுத்து மாறும். 1966இலேயே கோல்பர்க் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு படிவரிசை சொன்னார். மூன்று வயதில் 'நான் பையன்', 'நான் பொண்ணு' என்று பெயர் சொல்லத் தெரியும்; நான்கைந்து வயதில் பாவாடை கட்டினால் பையன் பெண்ணாகிவிடுவான் என்று நம்பும்; ஆறு ஏழு வயதில்தான் இது உடையோடு மாறுவது இல்லை என்ற உறுதி பிறக்கும். ஆகவே எல்கேஜி பிள்ளைகள் 'சரி' என்று விளையாடப் போய்விடுவார்கள். அதிகம் எதிர்ப்பது முதல், இரண்டாம் வகுப்பு. 'அப்படியெல்லாம் மாற முடியாது மிஸ்!' என்பான் ஒருவன். அது வெறுப்பு அல்ல. இப்போதுதான் கற்றுக்கொண்ட ஒரு விதியை அவன் காவல் காக்கிறான். அவனோடு வாதாடாதீர்கள். 'உனக்கு ஆச்சரியமா இருக்குல்ல? சிலருக்கு இப்படி இருக்கும். அவங்களுக்கு அவங்களப் பத்தித் தெரியுறத அவங்கதான் சொல்ல முடியும். நாம கயல்னு கூப்பிட்டாப் போதும்.' அவன் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. கூப்பிடும் விதத்தை மட்டும் கேட்கிறோம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் வராது.

'நானும் மாறிடுவேனா?' பயம் கலந்த கேள்வி, உடனே பதில் வேண்டும்: 'இல்ல. காய்ச்சல் மாதிரி தொத்துறது இல்ல, தூங்கி எழுந்தா மாறுறதும் இல்ல. நீ எப்படி இருக்கியோ அப்படித்தான் இருப்ப.' ஆனால் கேட்கும் முகத்தைப் பாருங்கள். பயம் இல்லாமல் வேறு ஏதோ இருந்தால், 'உனக்கு அதப் பத்தி ஏதாவது சொல்லணுமா?' என்று தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

'அவளுக்குக் கீழ என்ன இருக்கு?' இது வராத வகுப்பே இல்லை. முகம் சிவக்காமல், குரல் உயர்த்தாமல்: 'துணிக்குள்ள இருக்குற உடம்பு அவங்கவங்க சொந்தம். யாரும் யாரையும் கேக்கக் கூடாது. உன்னப் பத்தி யாராவது கேட்டாலும் நான் விட மாட்டேன்.' பின்பாதிதான் இதில் வேலை செய்யும். விதி தனக்கும் காவல் என்று தெரிந்தால் பிள்ளை உடனே ஏற்றுக்கொள்ளும்.

'எங்க அப்பா இது தப்புன்னு சொன்னார்.' ஆசிரியர் இங்கே அப்பாவை மறுக்கக் கூடாது. பிள்ளையை இரண்டு பெரியவர்களுக்கு நடுவே கிழிக்கலாகாது. 'ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு மாதிரி நினைப்பாங்க. அத அப்பாகிட்டயே பேசு. இங்க எல்லாரையும் அவங்க பேரச் சொல்லிக் கூப்பிடுவோம், யாரையும் அழ வைக்க மாட்டோம்.' 'சாமி தப்பாப் படைச்சிட்டாரா?' என்பதற்கும் இதே வழி: வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள், பள்ளி இறையியல் பேச வேண்டாம்.

'திரும்பவும் கதிர் ஆயிடுவாளா?' இதற்கு 'இல்லவே இல்லை' என்று சத்தியம் செய்யாதீர்கள். மேலே சொன்ன எண்களில் அந்தச் சிலரும் இருக்கிறார்கள். 'இப்ப கயல். எப்பவாவது வேற ஏதாவது சொன்னா அப்ப நான் உங்களுக்குச் சொல்றேன்.' என்றென்றைக்கும் என்று வகுப்பு முன்னால் அறிவித்துவிட்டால், நாளைக்கு மனம் மாறினாலும் சொல்ல முடியாத சுவரை அந்தப் பிள்ளைக்கு நாமே எழுப்பியதாகிவிடும்.

எட்டு வயதுக்கு மேல் கேள்விகள் குறையும், கிசுகிசு கூடும். நான்காம், ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லும்போது 'வதந்தி பரப்புவது' பற்றி இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறையை முன்னாலேயே முடிவு செய்யாமல் அறிவிப்புக்குப் போகாதீர்கள். பத்தாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி வரும். தனிக் கதவுள்ள ஒற்றைக் கழிப்பறை இருந்தால் அதை 'வேண்டும் என்கிற யாரும் போகலாம்' என்று எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். கயலுக்கு மட்டும் என்று ஒதுக்கி, சாவியை அலுவலகத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் போய்க் கேட்கச் சொன்னால் என்ன ஆகும் என்பது தெரிந்த கதை: பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்தும், மாலைவரை அடக்கும், சிறுநீர்த் தொற்றோடு மருத்துவரிடம் போய் நிற்கும். காலையில் நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில் மாலையில் அப்படியே திரும்புகிறதா என்று ஆசிரியர் ஒரு கண் வைத்திருந்தால் முதலிலேயே பிடித்துவிடலாம். 'பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை' என்ற பழக்கத்தையும் இந்தச் சாக்கில் விட்டுவிடலாம். பெஞ்சு வாரியாகவோ பெயர் வரிசையாகவோ நிறுத்தினால் வரிசை இன்னும் சீக்கிரம் அடங்கும்.

பெற்றோர் கடிதம் அரைப் பக்கம் போதும். அறிவித்த அன்று மாலை, பிள்ளைகள் வீடு போய்ச் சேரும் நேரத்தில் கிடைக்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் அனுப்பினால் வீட்டுப் பெரியவர்கள் பேச்சு முந்திக்கொண்டு பள்ளிக்கு வந்துவிடும். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் 'மறைத்தார்கள்' என்றாகும். அதில் இருக்க வேண்டியவை: வகுப்பில் சொன்ன வாக்கியங்கள் சொல்லுக்குச் சொல், பிள்ளை கேட்டால் வீட்டில் சொல்லக்கூடிய ஒரு பதில், சந்தேகம் என்றால் யாரைத் தனியாகப் பார்க்கலாம் என்பது. கயலின் மருத்துவமோ குடும்பமோ பற்றி ஒரு வரியும் வேண்டாம். கடிதத்தைக் கயலின் பெற்றோர் முதலில் படித்துச் சரி என்றிருக்க வேண்டும்.

எல்லாப் பெற்றோரையும் ஒரே மண்டபத்தில் கூட்டுவதை நான் கடுமையாக மறுக்கிறேன். அறுபது பேர் கூடி ஏழு வயதுப் பிள்ளை ஒன்றைப் பற்றி வாக்கெடுப்பு நடத்தும் இடமாக அது மாறாமல் இருந்தால் அதிசயம். ஒவ்வொருவராக, கால் மணி நேரம் கொடுங்கள். கோபமாக வருபவரில் பலர் வகுப்பில் ஏதோ பாலியல் பாடம் நடந்துவிட்டது என்று எண்ணி வருபவர்கள். சொன்ன பத்து வாக்கியத்தைக் காட்டினால் பாதி இறங்கிவிடும். அதன் பிறகும் ஏற்காதவர் இருப்பார். அவர் நம்பிக்கையைப் பள்ளி மாற்ற வேண்டியதில்லை, அவர் பிள்ளை இன்னொரு பிள்ளையைக் குத்தாமல் இருந்தால் போதும் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். கயலைப் பற்றிய கேள்விகளுக்கு ஒரே பதில்: 'உங்கள் பிள்ளையைப் பற்றி இன்னொரு பெற்றோரிடம் பேச மாட்டேன், அதே போலத்தான் இதுவும்.' வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் ஒரு வார்த்தை கூட விவாதிக்க வேண்டாம். அங்கே எழுதியது வெட்டி எடுக்கப்பட்டு எங்கெங்கோ போகும்.

முதல் இரண்டு வாரம் விளையாட்டு இடைவேளையில் ஒரு பெரியவர் கூடுதலாக நிற்கட்டும். தொல்லை வகுப்பறையில் நடக்காது, ஊஞ்சலுக்குப் பின்னால்தான் நடக்கும். வாய் தவறுவதையும் வேண்டுமென்றே குத்துவதையும் பிரித்தறிவது எளிது: தவறியவன் தன் வாயைப் பொத்துவான், குத்துபவன் சொல்லிவிட்டுச் சுற்றி நிற்பவர் முகத்தைப் பார்ப்பான். தவறினால் 'கயல்' என்று ஒற்றைச் சொல்லில் திருத்திவிட்டு மேலே போங்கள். ஆசிரியரே தவறினாலும் அப்படியே, நீளமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதைத் தாங்கும் வேலையும் கயல் தலையில் விழும். குத்தலுக்கு மற்றக் கேலிகளுக்கு உள்ள அதே விதி, அதே தண்டனை. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

ஒருவரை மட்டும் முன்கூட்டியே தனியாகக் கவனிக்க வேண்டும்: கதிரின் உயிர்த்தோழன். மற்றவருக்கு இது செய்தி, அவனுக்கு இழப்பு மாதிரி. 'இனி என்கூட விளையாட மாட்டாளா?' என்ற கேள்வி அவனுக்குள் இருக்கும், வாயில் வராது. இரு வீட்டுப் பெற்றோரும் ஒப்பினால் அறிவிப்புக்கு முந்தின நாள் கயலும் அவனும் யார் வீட்டிலாவது ஒரு மாலை விளையாடட்டும். மறுநாள் வகுப்பில் அவன் வழக்கம்போல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், ஆசிரியர் பேசிய பத்து வாக்கியத்தைவிட அதைத்தான் மற்ற இருபத்தொன்பது பேரும் கவனிப்பார்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் போன வருட வகுப்புப் படத்தை மறக்காதீர்கள். எடுப்பதா விடுவதா என்று நீங்கள் முடிவு செய்யாமல் கயலிடம் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. சிலர் அதில் தன் பல் விழுந்த சிரிப்பைக் காட்டி 'இது நான்தான்' என்பார்கள்.